எமினை அடக்கம் செய்யப் போனோம்

செவ்தாவை அல்பேனியப் பெண் என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருவருக்கும் ஒரே மாடியில் வேலை. காலையில் ஒரு கிழவரை அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக் கட்டிலிலிருந்து எழுப்புவோம். அப்படி ஆண்டுக்கணக்கில் ஒன்றாகத் தூக்கிப் பழகியவர்களுக்கு அதிகம் பேச்சுத் தேவைப்படாது. அவள் கொசோவோவிலிருந்து வந்தவள், கணவனைப் பிரிந்தவள், லெய்லா என்ற மகள் பேர்கனில் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் யாழ்ப்பாணத்துக்காரி, கணவர் பஸ் ஓட்டுகிறார், தம்பி ஒருவன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று மதியம் ஓய்வறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தொலைபேசி வந்தது. வெளியே போனவள் திரும்பி வந்து, கடித்து வைத்த பாண் துண்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"கௌரி, என்ரை சின்னண்ணனைக் கண்டுபிடிச்சிட்டினம்."

"உயிரோடையோ?" என்றேன். என்னைப் போன்றவர்களின் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

"இல்லை. எலும்பு."

நாங்கள் பேசியது நோர்வே மொழியில். எழுத உட்கார்ந்தால் என் தமிழில்தான் வருகிறது, அப்படியே விடுகிறேன்.

அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இன்னொண்டும் சொல்லோணும். நான் அல்பேனிய ஆள் இல்லை. ரோமா."

ஜிப்சிகள் என்று மற்றவர்கள் சொல்லும் மக்கள். ஒஸ்லோவில் அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லோர் மனதிலும் வருவது கடை வாசல்களில் காகிதக் குவளையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான். அவர்கள் வேறு நாட்டு ரோமாக்கள். எங்கள் ஓய்வறையில் யாராவது அவர்களைப் பற்றி வசை பேசத் தொடங்கினால் செவ்தா தன் கோப்பையைக் கழுவ எழுந்து போய்விடுவாள். சுத்தக்காரி என்று நான் நினைத்திருக்கிறேன்.

அவளுடைய சின்னண்ணன் எமின் நகரசபையில் துப்புரவு வேலை செய்தவன். போர் நடந்த வசந்த காலத்தில் செர்பியச் சிப்பாய்கள் அவனையும் உடன் வேலை செய்தவர்களையும் துப்பாக்கி முனையில் கொண்டுபோய், கொல்லப்பட்ட அல்பேனியர்களைப் புதைக்க வைத்தார்கள். சிப்பாய்கள் போனதும், ஓடிப்போயிருந்த அல்பேனியர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களில் சிலர், புதைத்தவனும் கொன்றவனுக்குக் கூட்டுத்தான் என்றார்கள். கோடையில் ஒரு பின்னேரம் வீட்டு வாசலில் வைத்து அவனைக் கொண்டுபோனார்கள். அதே வாரத்தில் ரோமாக்களின் குடியிருப்பு முழுவதும் எரிந்தது. செவ்தா ஓடிவந்து சேர்ந்த இடம் நோர்வே.

"அடக்கம் செய்யப் போகோணும். தனியப் போனால் நான் விழுந்திடுவன். நீ வாறியோ?"

வீட்டில் என் கணவர் சிவா, "உனக்கென்ன விசரோ? ஆற்றையோ செத்த வீட்டுக்கு அந்தத் தொங்கலுக்குப் போறாய்?" என்று கேட்டார். பிறகு அவரே என் குளிர்ச்சட்டையை எடுத்து வைத்தார். நான் ஏன் போக நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். கிளிநொச்சியில் என் அம்மா, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போட்ட கொட்டகையில் தம்பியின் படத்தோடு போய் உட்காருகிறார். தம்பியைப் பற்றி 'இருந்தான்' என்று யாரும் அம்மாவுக்கு முன்னால் சொல்லக்கூடாது. 'இருக்கிறான்'தான். இப்படித் தேடப்படும் ஒருவன் திரும்பிக் கிடைத்தால் அது எப்படியிருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

பிரிஷ்டினாவில் இறங்கியபோது வெயில். ஒஸ்லோவில் மழைச்சட்டையோடு புறப்பட்ட எங்களுக்கு வியர்த்தது. ஊரெங்கும் மிளகாய் சுடும் வாசனை. குளிர்காலத்துக்காக வீட்டுக்கு வீடு சிவப்பு மிளகாயைத் தகட்டில் சுட்டு, தோல் உரித்து, அரைத்துப் போத்தலில் அடைக்கிறார்கள். பஸ் நிலையத்தில் இறைச்சி வைத்துச் சுருட்டிய ரொட்டி வாங்கினோம். எண்ணெய் கையில் வழிந்தது. செவ்தா இரண்டு கடி கடித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

அவளுடைய நகரம் வடக்கே, ஓர் ஆற்றின் கரையில். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். பாதி வழியில் பஸ் இருமியது. பிறகு முன்பக்கம் புகைந்தது. எல்லோரையும் இறக்கினார்கள். சாரதி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். நடத்துனர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார். இந்தக் காட்சி எனக்குப் புதிதில்லை; யாழ்ப்பாணம் போகும் ஏ-ஒன்பது வீதியில் வளர்ந்த பிள்ளை நான். தர்ப்பூசணி விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவர் எனக்கு மட்டும் ஒரு முக்காலியைத் தூக்கிப் போட்டார். நன்றி சொல்ல எனக்கு மொழியில்லை. சிரித்தேன்.

பஸ் எழும்பவில்லை. வழியில் வந்த டாக்சியை மறித்து ஏறினோம். சாரதி இளைஞன், கலகலப்பானவன். செவ்தாவின் அல்பேனிய மொழியைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோசம். நோர்வேயில் சம்பளம் எப்படி, குளிர் எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தான். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். 'மாஜுப்' என்ற சொல் மட்டும் என் காதில் தனியாக விழுந்தது. செவ்தா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஒரு சொல்லில் பதில் சொன்னாள்.

"என்ன கேட்டவன்?"

"நீ இந்தியாவோ எண்டு."

இறங்கிய பிறகு, பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்போதுதான் உண்மையைச் சொன்னாள். "மாஜுப் எண்டால் எங்களைச் சொல்லுற கெட்ட சொல்லு. 'நல்ல ஆளாய் இருக்கிறாய், ஏன் இந்த மாஜுப்பை உன்னோடை கூட்டிக்கொண்டு திரியிறாய்' எண்டு கேட்டவன்."

என் கறுப்புத் தோலுக்கு விழுந்த சொல் அது. அதற்கு உரியவளோ வெள்ளைத் தோலோடும் சுத்தமான அல்பேனிய மொழியோடும் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. செவ்தாவுக்குத்தான் முகம் செத்துப்போயிருந்தது.

அவளுடைய மூத்த அண்ணன் பைராம் வாசலில் நின்றார். ஒல்லியான மனிதர். போருக்குப் பிறகு ஜெர்மனிக்கு ஓடி, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். தங்கையைக் கட்டிப்பிடித்து அவர் அழுதது நீண்ட நேரம். பிறகு என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

குடியிருப்பில் ஒரு வரிசை புது வீடுகள். யாரோ வெளிநாட்டார் கட்டிக் கொடுத்தவை. எல்லாம் ஒரே அச்சு. அதற்கு அப்பால் எரிந்த வீடுகள் இன்னும் அப்படியே நின்றன. கூரையில்லை. அறைக்குள் மரம் வளர்ந்து யன்னலால் கிளையை நீட்டியிருந்தது. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளைத் திறந்துவிட்டபோது பலாலிப் பக்கம் இதே மாதிரி வீடுகளைப் பார்த்தேன். அங்கே ஆலும் வேம்பும். இங்கே பெயர் தெரியாத ஏதோ மரம்.

சாப்பாட்டுக்கு அவித்த அவரையும் சுட்ட மிளகாயும் தயிரும் வந்தன. பைராமின் மனைவி ஊறுகாய் மிளகாய் ஒன்றைப் பயந்து பயந்து நீட்டினாள். நான் அதைக் கடித்து விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டதும் வீட்டில் முதன்முதலாகச் சிரிப்புக் கேட்டது.

அவர்கள் தங்களுக்குள் பேசியது ரோமா மொழி. ஒன்றும் விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தபோது 'மனுஷ்' என்று ஒரு சொல் ஓடியது. செவ்தாவைச் சுரண்டினேன்.

"மனுஷ் எண்டால் என்ன?"

"ஆள். மனிசர்."

"நாங்களும் மனுசன் எண்டுதான் சொல்லுறது."

அவள் அதை மொழிபெயர்த்ததும் பைராம் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறாராம்; பொய் என்று நினைத்திருந்தாராம். நான் இந்தியா இல்லை, இலங்கை என்று திருத்த வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன்.

பிறகு அவர் கேட்டார்: "உங்கடை நாட்டிலையும் சண்டை நடந்ததாம். எங்களை மாதிரி, ரெண்டு பக்கத்துக்கும் இல்லாத ஆக்கள் அங்கையும் இருந்தவையோ?"

"எங்கடை ஊரிலை முஸ்லிம் ஆக்கள் இருந்தவை. எங்கடை மொழிதான் கதைக்கிறவை. அவையை ஊரைவிட்டுப் போகச் சொன்னவை."

"ஆர் சொன்னது?"

"எங்கடை பக்கம்தான்."

செவ்தா இதையும் மொழிபெயர்த்தாள்.

"நான் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளை," என்றேன். "திங்கட்கிழமை போனால் வகுப்பிலை ரெண்டு பேரின்ரை இடம் வெறுமையாய்க் கிடந்தது. ரீச்சர் ஒண்டும் சொல்லேல்லை. பாடம் எடுத்தவ."

பைராம் தலையை மெல்ல ஆட்டினார். "ஓம். பாடம் எடுப்பினம்," என்றார்.

அடுத்த நாள் காலை பிரிஷ்டினாவுக்குத் திரும்பிப் போனோம், ஒரு உறவினரின் வேனில். எலும்புகள் அங்கேதான் ஒரு சவச்சாலையில் இருந்தன. வாசலில் ஒருவர் விவரம் கேட்டார். அதில், எந்தச் சமூகம் என்று ஒரு கேள்வி.

"அஷ்காலி," என்றார் பைராம்.

செவ்தா திடுக்கிட்டுத் திரும்பினாள். வெளியில் காத்திருந்த நேரம் முழுவதும் அண்ணனும் தங்கையும் அடிக்குரலில் சண்டை பிடித்தார்கள். எனக்குப் பிறகு சொன்னாள். அஷ்காலிகள் என்று ஒரு மக்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். வீட்டிலும் அல்பேனிய மொழி பேசுகிறவர்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் பொய்யில்லை. ஆனால் வீட்டில் ரோமா மொழி பேசும் பைராமுக்கு அது ஒரு மழைச்சட்டை. போருக்குப் பிறகு, ரோமா என்றால் செர்பியரின் ஆள் என்று பார்த்தார்கள். அஷ்காலி என்றால் கொஞ்சம் விட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தனக்கு ஒரு கூலி வேலை, எல்லாம் அந்தச் சட்டைக்குள் நின்றுதான் அவருக்குக் கிடைத்தன.

"செத்தவனுக்குமோ அண்ணை உது வேணும்?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"நீ அங்கை அல்பேனிய ஆளாய் இருக்கிறாய்தானே. அவனை நான் அஷ்காலி எண்டால் உனக்கு நோகுதோ?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண். அல்பேனியர். எங்களை உள்ளே அழைக்கும் முன் அரை மணிநேரம் உட்கார வைத்து எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். வேறொரு நகரத்தின் வெளிப்புறத்தில், பழைய கிணறு ஒன்றைத் தோண்டியபோது கிடைத்தவை. தாய் இறப்பதற்கு முன் கொடுத்துவிட்டுப் போயிருந்த இரத்தத்தோடு ஒத்துப்பார்த்திருக்கிறார்கள். சந்தேகம் இல்லை. முழுவதும் கிடைக்கவில்லை, இடது கையும் பாதத்தின் சிறிய எலும்புகளும் இல்லை. மண்டையின் பின்புறத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு மனிதன் படுத்திருக்கும் ஒழுங்கில் எலும்புகளை வைத்திருந்தார்கள். காப்பித் தூள் நிறம். நான் சாவைத் தினம் பார்க்கிற வேலை செய்பவள். இரவு இறந்த கிழவியை விடியக் கழுவி, தலை சீவி, கைகளைச் சேர்த்து வைப்போம். அவை உடல்கள். இங்கே கழுவ ஒன்றுமில்லை.

செவ்தா குனிந்து தொடை எலும்பைத் தொட்டாள். அண்ணனின் உயரத்தைப் பார்க்கிறவள் போல, தன் காலோடு அதை ஒப்பிட்டாள். பிறகு பல்லைப் பார்த்தாள். முன்பல் ஒன்றில் சின்ன உடைவு இருந்தது.

"அது நான்," என்றாள். "சைக்கிளிலை பின்னுக்கு இருந்து தள்ளி விழுத்தினனான்."

பைராம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

மருத்துவர் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் சுற்றிக் கட்டினார். அதைச் சவப்பெட்டிக்குள் தான் வைக்க வேண்டும் என்று செவ்தா கேட்டாள். கையில் வாங்கினாள். இரண்டு அடி வைத்தவளுக்கு முழங்கால் மடங்கியது. வேலையிடத்தில் விழப்போகிற நோயாளியைப் பிடிப்பதுபோல என் கை தானாகப் போனது. ஒரு கையால் அவளைச் சுவரில் சாய்த்தேன், மறு கையில் துணிக்கட்டு வந்திருந்தது. பைராம் வந்து தங்கையைப் பிடிக்கும்வரை எமின் என்னிடம் இருந்தான். எனக்குத் தெரியாத மனிதன். உள்ளே ஏதோ ஒன்று நகர்ந்து இன்னொன்றில் மெல்ல முட்டியது. துணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வேறு எப்படி வைத்திருப்பது என்று தெரியவில்லை.

மருத்துவர் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். செவ்தாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். பிறகு கேட்டபோது செவ்தா சொன்னாள்: "தன்ரை தகப்பன் இன்னும் கிடைக்கேல்லையாம்."

அடக்கம் அன்று பிற்பகலே. ஒஸ்லோவில் ஒரு சாவுக்கு நாள் கிடைக்கவே கிழமைகள் ஆகும்; இங்கே குழி தயாராக இருந்தது. அங்கே வழக்கப்படி பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. செவ்தா வீட்டில் நிற்க மாட்டேன் என்றாள். வேலிக்கு வெளியே வீதியில் நின்று பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஒரு இமாம். சுருக்கமான தொழுகை. தாயின் மண்ணுக்குப் பக்கத்தில் பெட்டி இறங்கியது. மண் போடும் சத்தம் நின்றதும் அவள், "இப்ப அம்மாவுக்குத் தெரியும், அவன் எங்கையெண்டு," என்றாள்.

வீட்டில் பெண்கள் ஒரு அறையில் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் ஒரு பொட்டலம் காப்பித்தூளும் சீனியும் கொண்டுவந்தார்கள். சின்னக் கோப்பையில் கசப்பான காப்பி, புகை, மெல்லிய அழுகை. எல்லோரும் ரோமா மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. தலையில் முக்காடிட்ட கிழவி ஒருத்தி உள்ளே வந்தாள். அறையில் பேச்சு ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தபோது எல்லோர் வாயிலும் அல்பேனிய மொழி. ரேடியோவில் அலைவரிசை மாற்றியதுபோல அவ்வளவு சுத்தமாக மாறியது.

அவள் ஹவா. எரிந்த வீடுகளுக்கு அடுத்த தெருவில் இருக்கும் அல்பேனியப் பெண். போரில் அவள் கணவரைக் கொன்றார்கள். அவரைப் புதைக்க வைக்கப்பட்டவர்களில் எமினும் ஒருவன். அன்றே அவன் இருட்டோடு போய், எந்த மரத்தடியில், எந்தப் பக்கம் தலை வைத்துப் புதைத்தேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறான். சிப்பாய்கள் போனதும் முதலில் கணவரைத் தோண்டி எடுத்து அடக்கம் செய்தது அவள்தான். இதை வேலியோரம் நிற்கும்போதே செவ்தா சொல்லியிருந்தாள்.

ஹவா சீனிப் பொட்டலத்தை வைத்துவிட்டு செவ்தாவின் கையைப் பிடித்தாள். செவ்தா கையை இழுக்கவில்லை. ஆனால் அவள் பேசியது ரோமா மொழியில். அறையிலிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதைவிடப் பெரிய ஆச்சரியம், ஹவா அதே மொழியில் பதில் சொன்னது. அந்தத் தெருக்களில் ரோமாப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவளாம். கொச்சையாக, தடுக்கித் தடுக்கிப் பேசினாளாம்.

அவர்கள் பேசியதைச் செவ்தா அன்றைக்கே எனக்குச் சொல்லு சொல்லாகச் சொன்னாள்.

"ஹவா, அவனைக் கொண்டு போகேக்கை நீ யன்னலிலை நிண்டனி. அம்மா கண்டவ. வந்தது ஆர்?"

"பிள்ளை, அவன் நல்லவன். என்ரை மனுசனை எனக்குத் தந்தவன்."

"அதைக் கேக்கேல்லை. வந்தது ஆர்?"

"எனக்கு இந்த ஊரிலை பேரப்பிள்ளையள் இருக்கினம்."

"எமினுக்கும் பேரப்பிள்ளையள் இருந்திருப்பினம்."

ஹவா அழவில்லை. அறையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். கதவு சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் எல்லோரும் அல்பேனிய மொழியிலேயே பேசினார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பைராம் தங்கைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு நீ போய் வழக்குக் கிழக்கு எண்டு ஒண்டும் கதைக்காதை."

"அவளுக்குத் தெரியும், அண்ணை."

"எனக்கும்தான் தெரியும்," என்றார் பைராம். "கொண்டுபோனவங்களிலை ஒருத்தன் செத்திட்டான். மற்றவன் சந்தையிலை கடை வைச்சிருக்கிறான். கிழமைக்கு ஒருக்கா அவனிட்டைத்தான் மா வாங்கிறனான். நீ பிளேனிலை ஏறிடுவாய். நான் இஞ்சை இருக்கோணும்."

இதைச் செவ்தா எனக்கு மொழிபெயர்க்கவில்லை. ஒஸ்லோவுக்கு வந்து சில நாட்களுக்குப் பிறகுதான் சொன்னாள். அப்போது நான் பார்த்ததெல்லாம், அண்ணன் சொன்ன ஏதோ ஒன்றுக்குப் பிறகு அவள் தன் தட்டிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்து, தொடாமல் எழுந்து போனதைத்தான்.

புறப்படும் நாள் காலை, வேன் வருவதற்கு முன் என்னையும் கூட்டிக்கொண்டு ஹவாவின் வீட்டுக்கு நடந்தாள். படலையைத் தட்டினோம். மருமகள் வந்தாள். கை முழுவதும் மிளகாய்ச் சிவப்பு. மாமிக்குச் சுகமில்லை, படுத்திருக்கிறார் என்றாள். எங்களுக்குப் பின்னால் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று அவள் கண் போய்ப் போய் வந்தது. மாடி யன்னலில் திரை அசைந்தது.

செவ்தா படலைக்கு வெளியே நின்று, அந்த யன்னலைப் பார்த்து உரத்த குரலில் ரோமா மொழியில் சொன்னாள்: "ஹவா! நான் ஒஸ்லோவிலை இருக்கிறன். பைராமிட்டை என்ரை நம்பர் இருக்கு. சாகிறதுக்கு முதல் ஒருக்கா எடு."

தெருவில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு வெளியே அந்த மொழியை அவ்வளவு சத்தமாக யாரும் பேசி நெடுங்காலமாகியிருக்க வேண்டும். திரை மறுபடி அசையவில்லை. ஒரு நாய் மட்டும் குரைத்தது. பைராம் தெருமுனையில் வந்து நின்ற வேனுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். தங்கையைக் கட்டிப்பிடித்து விடை கொடுக்கும்போது அவர் முகம் கல்லாக இருந்தது.

ஒஸ்லோ விமான நிலையத்துக்கு லெய்லா வந்திருந்தாள். உயரமான பிள்ளை. மாமா ஒருவரின் அடக்கம் என்று மட்டும் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நகரத்துக்கு ரயிலில் ஏறினோம். லில்லெஸ்ட்ரோமில் ரயில் நின்றது. முன்னால் சிக்னல் பழுது என்று ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது. மறுபடியும் கேட்டது. வெளியே மழை. அங்கேதான், நகராத ரயிலில் வைத்துச் செவ்தா மகளிடம் சொன்னாள். நான் எழுந்து போக முயன்றேன். என் கையைப் பிடித்து இருத்தினாள்.

லெய்லா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "அப்ப நானும்?" என்றாள்.

"ஓம்."

"மம்மா, ஸ்கூலிலை அந்த ஆக்களைப் பற்றி நான் என்னவெல்லாம் கதைச்சிருக்கிறன் எண்டு உனக்குத் தெரியுமோ? உனக்கு முன்னாலை, வீட்டிலை வைச்சே கதைச்சனான். நீ சும்மா இருந்தனி."

"ஓம். சும்மா இருந்தனான்."

"ஏன் இப்ப சொல்லுறாய்?"

"அவனைப் புதைச்சிட்டன். இனி அவனை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது."

லெய்லா எழுந்து போய் நடைபாதைக்கு மறுபக்கத்தில், யன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள். ரயில் புறப்பட்டு நகரத்துக்கு வந்து சேரும்வரை அவள் திரும்பவில்லை. இறங்கியதும் எங்களுக்கு முன்னால் நடந்து கூட்டத்தில் கலந்தாள். அன்றே பேர்கனுக்குத் திரும்பிவிட்டாள் என்று பிறகு அறிந்தேன். இப்போது தாயும் மகளும் பேசுகிறார்கள். முன்பைவிடக் குறைவாக.

வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி எந்த ஊர் என்று கேட்டபோது, செவ்தா, "கொசோவோ, ரோமா" என்றாள். ஓய்வறையில் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னாள். அவளுடைய நாட்டு அல்பேனியக்காரி ஒருத்தி, எப்போதும் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவள், அடுத்த வாரத்திலிருந்து நேரத்தை மாற்றிக்கொண்டாள். ஹவா அழைக்கவில்லை. பைராம் அழைக்கிறார், மா விலை, குளிர், பிள்ளைகள் என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறார்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கிளிநொச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கே போகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. சிவா சொல்லிவிட்டிருந்தார்.

"அந்தப் பிள்ளையின்ரை தமையன் கிடைச்சதாமே," என்றார் அம்மா.

"ஓம் அம்மா. எலும்புதான்."

"அவன்ரைதான் எண்டு எப்பிடிச் சொன்னவை?"

"தாய் சாகமுதல் ரத்தம் குடுத்து வைச்சவ. அதோடை பார்த்தவை."

"எங்களிட்டை ஒருத்தரும் ரத்தம் கேக்கேல்லை."

அம்மா கொட்டகையில்தான் இருந்திருக்க வேண்டும். லாரி போகும் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன.

"கையிலை குடுத்தவையோ?"

"ஓம். துணியிலை சுத்திக் குடுத்தவை. கொஞ்ச நேரம் நானும் வைச்சிருந்தனான்."

"பாரமோ பிள்ளை?"

"இல்லையம்மா. ஒரு கைப்பிள்ளைப் பாரம்தான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து, "அம்மா?" என்றேன்.

"அப்ப என்னாலை தூக்க ஏலும்," என்றார்.